எட்டுக் கம்பிகள், ஒரு வகுத்தல்

போன வாரம் ஜார்ஜ் ஓமை அந்தரத்தில் தொங்கவிட்டு 'தொடரும்' போட்டோம். ஏழு நாள் பொறுத்துக்கொண்டீர்கள். இனியும் காக்க வைத்தால் பாவம். நேரே கொலோன் நகரத்துக்குப் போய்விடலாம்.

எங்கே நிறுத்தினோம்?

ஓம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கொலோனில் இருந்த பழைய ஜெசூயிட் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் எடுக்கிறார். கம்பி நீள நீள, அதில் ஓடும் மின்சாரம் எந்தக் கணக்கில் குறைகிறது? இந்த ஒரு கேள்வியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். விடையும் கிடைத்தது. மடக்கை வைத்த சூத்திரம் ஒன்று. லாகரிதம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே, அதுதான். 1825-இல் அது அச்சிலும் ஏறிவிட்டது.

அந்தச் சூத்திரம் தப்பு.

தப்பு என்று முதலில் உணர்ந்தவர்களில் ஓமும் ஒருவர்.

அங்கேதான் விட்டுவிட்டுப் போனோம். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டுத் துண்டுக் கம்பி. ஒரு வகுத்தல் கணக்கு. இன்று உங்கள் வீட்டுக்கு வரும் எலெக்ட்ரீஷியன் இரண்டு விநாடியில் மனசுக்குள் போட்டு முடிக்கிற வகுத்தல். அதைப் போடலாம் என்று தெரிந்துகொள்வதற்கு ஒரு மனிதர் பட்ட பாடு இருக்கிறதே...

வாங்க, கதைக்குள் போகலாம்.

முதலில் ஓமின் நிலைமையைப் பாருங்கள். வயசு 36. கல்யாணம் ஆகவில்லை. கையில் இருப்பது பள்ளி உத்தியோகம். மனசில் இருப்பது பல்கலைக்கழக நாற்காலி. தம்பி மார்ட்டின் அந்த நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்தாயிற்று. அதுவும் பெர்லினில். இவரிடம் கணக்குப் படித்த பையன் ஒருவன், டிரிஷ்லே என்று பேர், பாரீசுக்குப் போனான். ஃபெர்மா என்ற பழைய கணித மேதை விட்டுப்போன புதிரின் ஒரு பகுதியில் கைவைத்தான். இருபது வயசில் பாரீஸ் அகாதமியே அவனைத் திரும்பிப் பார்த்தது.

தம்பி மேலே போய்விட்டான். சீடன் மேலே போய்விட்டான். சொல்லிக்கொடுத்தவர் மட்டும் அதே கரும்பலகை முன்னால் நிற்கிறார்.

பொறாமை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உறுத்தாமலா இருந்திருக்கும்?

இந்த நேரம் பார்த்துத்தான் அச்சேறிய சூத்திரம் சறுக்குகிறது. பேர் வாங்கித்தரும் என்று நம்பி எழுதிய கட்டுரை, பேரைக் கெடுக்கிற கட்டுரையாக மாறப்போகிறது. ஓமுக்கு முன்னால் இரண்டு வழிகள். கமுக்கமாக இருந்துவிடலாம். கொலோன் வாத்தியார் எழுதியதை யார் போய்ச் சரிபார்க்கப்போகிறார்கள்? அல்லது, ஆரம்பத்திலிருந்து அளக்கலாம். தன் சூத்திரத்தைத் தன் கையாலேயே கவிழ்க்கலாம்.

ஓமின் அப்பா பூட்டுத் தொழிலாளி. பூட்டில் சாவி திரும்பவில்லை என்றால் யாரைக் குறை சொல்லி என்ன பயன்? அரத்தை எடுத்து மறுபடி ராவத்தான் வேண்டும். அந்தப் பட்டறையில் வளர்ந்த மகன் வேறு எந்த வழியைத் தேர்ந்தெடுப்பார்?

மறுபடி அளப்பது என்று முடிவாயிற்று.

ஆனால் எங்கே சறுக்கியது என்று தெரியாமல் மறுபடி அளந்தும் பிரயோஜனம் இல்லையே. குற்றவாளி யார்?

கம்பி இல்லை. மின்சாரத்தைக் காட்டும் காந்த ஊசி இல்லை. கணக்கும் இல்லை.

பேட்டரி.

வோல்டா தந்த கலத்தைத்தான் அன்று எல்லோரும் வைத்திருந்தார்கள். துத்தநாகம், செம்பு, நடுவே அமிலத் தண்ணீர். சுற்றை மூடிய மாத்திரத்தில் காந்த ஊசி துள்ளும். கொஞ்ச நேரத்தில் சோர்ந்து இறங்கும். சுற்றைத் திறந்து கலத்துக்கு ஓய்வு கொடுத்தால் தெம்பு திரும்பும். மூடினால் மறுபடி துள்ளல், மறுபடி சோர்வு. ஓம் இதைக் கவனிக்காமல் இல்லை. ஒவ்வொரு கம்பியையும் சோதித்த பிறகு, தடிமனான குட்டைக் கம்பி ஒன்றைப் போட்டு ஊசியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே அடுத்த கம்பிக்குப் போனார். இவ்வளவு செய்தும் கலம் தன் போக்கில்தான் போனது.

ஆடுகிற படகில் நின்றுகொண்டு தராசு பிடித்த கதைதான். எடைக்கல் சரி, தட்டு சரி, பிடித்த கையும் சரி. எடை மட்டும் தப்பு.

கம்பியால் குறைந்த மின்சாரம் எவ்வளவு, கலம் சோர்ந்ததால் குறைந்த மின்சாரம் எவ்வளவு? இரண்டையும் பிரிக்கவே முடியவில்லை. பிரிக்க முடியாத இரண்டுக்கும் சேர்த்து ஒரு சூத்திரம் எழுதினால் அது எப்படிச் சரியாக இருக்கும்?

இந்த இடத்தில் பெர்லினிலிருந்து ஒரு யோசனை வருகிறது.

சொன்னவர் பொகெண்டார்ஃப். இயற்பியல் பத்திரிகையின் ஆசிரியர். ஓமின் பழைய கட்டுரையைத் தன் பத்திரிகையில் போட்டவர்களில் ஒருவர். திட்டித் தீர்த்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. வோல்டா கலத்தை ஓரங்கட்டிவிட்டு, சீபெக் கண்டுபிடித்த வெப்ப மின்சாரத்தை வைத்து முயன்று பார்க்கும்படி யோசனை சொன்னார்.

சீபெக்கை நான்கைந்து வாரம் முன்னால் சந்தித்தோம், ஞாபகம் இருக்கும். இரண்டு வேறு வேறு உலோகங்களை இரண்டு முனைகளில் சேர்த்து ஒரு வளையமாக்கு. ஒரு சேர்க்கையைச் சூடாக்கு. மற்றதைக் குளிரவை. பக்கத்தில் இருக்கும் காந்த ஊசி திரும்பும். அமிலம் வேண்டாம், கரைகிற துத்தநாகம் வேண்டாம். சூட்டு வித்தியாசம் இருக்கும் வரை மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ரொம்பப் பலவீனமான மின்சாரம்தான். பெரிய தீப்பொறி எல்லாம் வராது. ஆனால் ஓமுக்குப் பலம் தேவையே இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்.

ஆடாமல் நிற்கவேண்டும்.

கொதிக்கிற தண்ணீரின் சூடு ஒரே இடத்தில் நிற்கும். எவ்வளவு விறகை உள்ளே தள்ளினாலும் கொதிநிலையைத் தாண்டாது. உருகுகிற பனிக்கட்டியும் அப்படியே. கடைசித் துண்டு கரையும் வரை குளிர் மாறாது. ஒரு சேர்க்கையை இதிலும் இன்னொன்றை அதிலும் வைத்துவிட்டால், வித்தியாசம் சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றுவிடும்... மன்னிக்கவும், உவமைக்கு நேரம் இல்லை. ஓம் கருவி செய்யத் தொடங்கிவிட்டார்.

கருவியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

வளைத்த பிஸ்மத் பாளம் ஒன்று. அதன் இரண்டு முனைகளிலும் செம்புப் பட்டைகள். ஒரு சேர்க்கை கொதிநீர்ப் பாத்திரத்தில். இன்னொன்று பனிக்கட்டியில். செம்புப் பட்டைகளின் மறுமுனைகள் இரண்டு சின்னப் பாதரசக் கிண்ணங்களில் முங்கி நிற்கின்றன. எந்தக் கம்பியைச் சோதிக்க வேண்டுமோ, அதன் இரு முனைகளையும் இந்த இரண்டு கிண்ணங்களில் நனைத்தால் போதும். சுற்று மூடிக்கொள்ளும். முறுக்கிக் கட்டுகிற வேலையே கிடையாது. இறுக்கிக் கட்டினோமா, தளர்த்திக் கட்டினோமா என்ற சந்தேகத்துக்கும் இடம் கிடையாது.

மேலே, மெல்லிய தங்கப் பட்டையில் தொங்குகிறது காந்த ஊசி. மின்சாரம் ஓடினால் ஊசி விலகும். தங்கப் பட்டையின் தலைப்பைத் திருகி, ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். எவ்வளவு திருகினோமோ, அதுதான் மின்சாரத்தின் விசை. ஒரு முழுச் சுற்றை நூறாகப் பிரித்து அளவு குறித்தார் ஓம். ஊசியின் நுனி சரியாகக் கோட்டுக்கு வந்ததா என்று பார்க்க ஒரு பூதக்கண்ணாடி.

பூட்டுத் தொழிலாளி மகனின் கைத்திறன் இங்கே தெரிகிறதா?

கடைசியாக, கம்பிகள். ஒரே தடிமனில் எட்டுச் செம்புக் கம்பிகள். சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். நீளம் மட்டும் வேறு. 2 அங்குலம், 4, 6, 10, 18, 34, 66, 130.

எல்லாம் தயார்.

1826, ஜனவரி 8. ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு இல்லாத நாள். வெளியே ஜனவரி மாதத்துக் குளிர். உள்ளே ஒரு பக்கம் கொதிக்கிற தண்ணீர், ஒரு பக்கம் பனிக்கட்டி. நடுவே ஓம்.

முதல் கம்பி. 2 அங்குலம். முனைகளைப் பாதரசத்தில் வைக்கிறார். ஊசி விலகுகிறது. திருகுகிறார். மூன்று சுற்றைத் தாண்டிப் போகிறது. ஊசி கோட்டுக்கு வருகிறது.

326¾.

இப்போது நிஜமான சோதனை. ஊசி சோர்ந்து இறங்குமா? பழைய கலமாக இருந்தால் இந்நேரம் சரிய ஆரம்பித்திருக்கும்.

சரியவில்லை.

படகு கரை சேர்ந்துவிட்டது.

இரண்டாவது கம்பி. 4 அங்குலம். முதல் கம்பியைப்போல இரண்டு மடங்கு நீளம். ஆகவே மின்சாரம் பாதியாக வேண்டும் என்று நீங்களும் நானும் நினைப்போம். பாதி என்றால் 163 சொச்சம்.

வந்தது 300¾.

பாதியாவது? பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை!

மூன்றாவது கம்பி, 6 அங்குலம். 277¾. நான்காவது, 10 அங்குலம். 238¼. ஐந்தாவது, 18 அங்குலம். 190¾. நீளம் ஒன்பது மடங்காகிவிட்டது. மின்சாரம் பாதிக்குக்கூட இறங்கவில்லை. இயற்கை ஏதோ விளையாடுகிறது.

ஆறாவது, 34 அங்குலம். 134½. ஏழாவது, 66 அங்குலம். 83¼.

கவனித்தீர்களா? கதை இங்கே திரும்புகிறது. ஆறிலிருந்து ஏழுக்கு நீளம் ஏறக்குறைய இரட்டிப்பு. மின்சாரம் சட்டென்று விழுகிறது. பாதியை நோக்கி வர ஆரம்பித்துவிட்டது.

எட்டாவது, 130 அங்குலம். 48½.

எட்டு எண்களும் காகிதத்தில் வந்தாயிற்று. கம்பி குட்டையாக இருக்கும்போது நீளத்தை இரட்டித்தால் ஊசி அசட்டை செய்கிறது. கம்பி நீளமாக இருக்கும்போது அதே இரட்டிப்புக்கு ஊசி பணிகிறது. ஒரே செம்பு, ஒரே தடிமன், ஒரே சூடு. ஏன் இந்த இரட்டை நியாயம்?

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

சுற்றில் இன்னொரு ஆள் ஒளிந்திருக்கிறான். அதுதான் விடை.

மின்சாரம் எட்டுக் கம்பிகளில் ஒன்றின் வழியே மட்டுமா ஓடுகிறது? பிஸ்மத் பாளத்தின் வழியேயும் ஓடுகிறது. செம்புப் பட்டைகளின் வழியேயும் ஓடுகிறது. அவையும் வழியை மறிக்கத்தானே செய்யும்? அந்த மறிப்பு எப்போதும் ஒன்றுதான். கம்பியை மாற்றினாலும் அது மாறாது. குட்டைக் கம்பி போட்டால், மொத்த மறிப்பில் பெரும்பங்கு இந்த ஒளிந்திருக்கும் ஆளுடையது. கம்பி 2 அங்குலமா 4 அங்குலமா என்பது பெரிய விஷயமே இல்லை. நீளக் கம்பி போட்டால் கம்பியின் கை ஓங்குகிறது. அப்போது இரட்டிப்பு என்றால் ஏறக்குறைய பாதிதான்.

அந்த ஆளுக்கு ஓம் ஓர் எண் கொடுத்தார். 20¼. அதாவது, கருவியின் மற்ற பாகங்கள் எல்லாம் சேர்ந்து, இதே செம்புக் கம்பியில் 20¼ அங்குலத்துக்குச் சமம்.

இனி பென்சிலை எடுங்கள். நாமும் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதல் கம்பியோடு அந்த ஆளைச் சேருங்கள். 2-உம் 20¼-உம் சேர்ந்து 22¼. அளந்த எண்ணோடு பெருக்குங்கள். 326¾ பெருக்கல் 22¼. விடை சுமார் 7270.

எட்டாவது கம்பி. 130-உம் 20¼-உம் சேர்ந்து 150¼. 48½-ஆல் பெருக்குங்கள். 7287.

ஆறாவது? 54¼ பெருக்கல் 134½. 7297.

மற்றவற்றை நீங்களே போட்டுக்கொள்ளலாம். எட்டும் 7180-க்கும் 7300-க்கும் நடுவே வந்து விழும். நீளம் 65 மடங்கு மாறியிருக்கிறது. ஊசியின் எண் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் அதே எண், அதே எண், அதே எண்!

ஓம் எடுத்துக்கொண்ட எண் 7285. அதை மொத்த மறிப்பால் வகுத்தால் மின்சாரம் கிடைத்துவிடும். அவ்வளவுதான் விதி.

லாகரிதம் எங்கே போயிற்று?

காணோம். மாதக்கணக்கில் பாடுபட்டு எழுதி, அச்சிலும் ஏற்றிய சூத்திரத்தை, ஆறாம் வகுப்புப் பிள்ளை போடுகிற வகுத்தல் ஒன்று பெஞ்சைவிட்டுத் தள்ளிவிட்டது.

ஓம் துள்ளிக் குதித்தாரா? தெருவில் ஓடினாரா? அப்படி எதுவும் செய்யக்கூடியவராகத் தெரியவில்லை. ஒருமுறை அவசரப்பட்டுக் கைசுட்டுக்கொண்டவர் அல்லவா? மூன்று நாள் கழித்து, புதன்கிழமை, மறுபடி அளந்தார். அடுத்த ஞாயிறு, 15-ஆம் தேதி, மறுபடி. எண்கள் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தன. முதல் கம்பிக்கு 300 சொச்சத்தில் நின்றது. பரவாயில்லை. வகுத்தல் அசையவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம் பாக்கி. 7285 என்ற எண் எதைக் குறிக்கிறது? 20¼ ஒளிந்திருக்கும் ஆளின் கதை என்றால், 7285 யாருடைய கதை?

ஓம் செய்த அடுத்த காரியத்தில்தான் அவருடைய புத்திசாலித்தனம் இருக்கிறது. கொதிநீரை எடுத்துவிட்டார். ஒரு சேர்க்கை பனிக்கட்டியில் அப்படியே இருக்க, மற்றதை அறையின் குளிர்ந்த காற்றில் சும்மா விட்டார். சூட்டு வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. கம்பிகளைத் திரும்ப வரிசையாகப் போட்டு அளந்தார்.

ஊசி முப்பதைக்கூட எட்டவில்லை.

பெரிய எண் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கியிருந்தது. 20¼?

இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். சூட்டை மாற்றினால் மேலே இருக்கும் எண் மட்டும் மாறுகிறது. கம்பியை மாற்றினால் கீழே இருக்கும் எண் மட்டும் மாறுகிறது. தள்ளுகிறவன் வேறு, மறிக்கிறவன் வேறு. வோல்டா கலம் இருவரையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தது. கொதிநீரும் பனிக்கட்டியும் மூட்டையை அவிழ்த்துவிட்டன.

தள்ளுகிறவனுக்கு இன்று மின்னழுத்தம் என்று பேர். மறிக்கிறவனுக்கு மின்தடை. தள்ளுவதை மறிப்பால் வகுத்தால் மின்னோட்டம். புரட்டிப் போட்டால், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துத் தடையைக் கண்டுபிடித்துவிடலாம். அந்தத் தடையை அளக்கிற அலகுக்கு, அவர் செத்து எத்தனையோ வருஷம் கழித்து, 1881-இல் பாரீசில் கூடிய மாநாடு ஏற்றுக்கொண்ட பேர்தான் ஓம்.

ஒளிந்திருந்த ஆளையும் சும்மா விட்டுவிடாதீர்கள். அவன் இன்றும் உயிரோடு இருக்கிறான். ராத்திரியில் ஹெட்லைட் போட்டுவிட்டுக் காரை ஸ்டார்ட் செய்யும்போது விளக்கு ஒரு கணம் மங்குகிறதே, அது அவன் வேலை. ஸ்டார்ட்டர் மோட்டார் ஏகப்பட்ட கரன்ட்டை இழுக்கிறது. பேட்டரிக்குள்ளேயே இருக்கும் சின்னத் தடை, வெளியே வரவேண்டிய வோல்டேஜில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. மிச்சம்தான் விளக்குக்கு.

இப்போது நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட். ஓடுகிற கரன்ட் 4.35 ஆம்பியர் என்று மீட்டர் காட்டுகிறது என்று வையுங்கள். உள்ளே இருக்கும் கம்பியின் தடை எவ்வளவு? 230-ஐ 4.35-ஆல் வகுங்கள். ஏறக்குறைய 53 ஓம். பெட்டியைத் திறக்க வேண்டாம், கம்பியைத் தொட வேண்டாம். வெளியே நின்று இரண்டு எண்களைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டீர்கள். கொலோன் ஞாயிற்றுக்கிழமையின் வரப்பிரசாதம்.

அதே இரண்டு எண்களை வகுக்காமல் பெருக்குங்கள். 230 பெருக்கல் 4.35. ஆயிரம். பெட்டியின் அடியில் 1000 வாட் என்று அச்சடித்திருப்பார்களே, அந்த ஆயிரம்!

ஒரே இரண்டு எண்கள். வகுத்தால் தடை. பெருக்கினால் திறன்.

வகுத்தல் எங்கே பிறந்தது என்று பார்த்துவிட்டோம். பெருக்கல்?

அதற்குப் போகும் முன் ஓமுக்கு என்ன ஆனது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதம் எழுதிக் கேட்பீர்கள்.

கண்டுபிடிப்பு அதே வருஷம் அச்சில் வந்தது. பள்ளிக்கூடத்தில் அரைச் சம்பளத்துக்கு லீவு வாங்கிக்கொண்டு ஓம் பெர்லினுக்குப் போனார். உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுதினார். 1827-இல் வெளிவந்தது. மின்சுற்றின் கதை முழுவதையும் கணிதமாகவே சொல்லும் புத்தகம். பல்கலைக்கழகக் கதவு இனி திறந்துவிடும் என்று நினைத்தார்.

திறக்கவில்லை.

அன்றைய பெர்லினில் ஹெகலின் தத்துவக் கொடி பறந்துகொண்டிருந்தது. இயற்கையை இப்படி வெறும் கணக்கில் அடைப்பது பலருக்குப் பிடிக்கவில்லை. போல் என்ற விமர்சகர் புத்தகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். நாற்காலி கிடைக்காத ஓம் அடுத்த வருஷம் கொலோன் வேலையையும் உதறிவிட்டார். பூட்டுத் தொழிலாளியின் மகனுக்கு ரோஷம் அதிகம். பிறகு பல வருஷம் பெர்லினில் அங்கும் இங்கும் பாடம் எடுத்து நாளைத் தள்ளினார். 1833-இல்தான் நியூரம்பர்க்கில் ஒரு வேலை அமைந்தது. சொந்த நாடு கண்டுகொள்வதற்கு முன்னால், 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி கூப்பிட்டு காப்லி பதக்கம் கொடுத்தது.

லண்டன் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. இங்கிலாந்தில் நமக்கு ஒரு வேலை இருக்கிறது.

ஓமின் எட்டு எண்களை இன்னொரு தடவை பாருங்கள். கம்பி நீண்டால் மின்சாரம் எவ்வளவு குறைகிறது என்று அவை சொல்கின்றன. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மறிக்கிறவன் மறிக்கும்போது, தள்ளுகிறவனின் உழைப்பு எங்கே போகிறது? ஆவியாகிவிடுமா? அந்த அட்டவணையில் இந்தக் கேள்விக்கு ஒரு பத்தி கிடையாது.

ஓமுக்கு லண்டன் பதக்கம் கிடைப்பதற்குக் கொஞ்சம் முன்னால். மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டு. அங்கே ஒரு பீர் ஆலை. முதலாளியின் மகனுக்கு இருபது வயசு தாண்டியிருக்கிறது. பேர் ஜேம்ஸ் ஜூல். பேராசிரியர் இல்லை. பட்டதாரிகூட இல்லை. மகா கெட்டிக்காரன், அதைவிட மகா கணக்கன். அவன் ஆசை ரொம்ப லௌகீகமானது. நிலக்கரியைத் தின்று தீர்க்கிற நீராவி இயந்திரத்துக்குப் பதிலாக மின்மோட்டாரை வைத்தால் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?

மோட்டாரைச் செய்து பார்த்தான். எதிர்பார்த்த வேலை கிடைக்கவில்லை. கலத்திலிருந்து கிளம்புகிற சக்தியில் ஒரு பங்கு வழியிலேயே காணாமல் போய்க்கொண்டிருந்தது. திருடன் யார் என்று அவனுக்குச் சந்தேகம் உண்டு. கம்பி சூடாகிறதே!

பிடித்துவிடலாம் என்று இறங்கினான். ஒரு கண்ணாடிக் குழாய் மேல் கம்பியைச் சுற்றினான். அதை ஒரு ஜாடித் தண்ணீருக்குள் இறக்கினான். உள்ளே ஒரு தெர்மாமீட்டர். சுற்றில் ஒரு கால்வனோமீட்டர். மின்சாரத்தை ஓடவிட்டுத் தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று குறித்தான்.

அடுத்து, மின்னோட்டத்தைக் கூட்டினான்.

ஓட்டம் இரண்டு மடங்கு ஆனால், அதே நேரத்தில் தண்ணீரில் ஏறும் சூடு எத்தனை மடங்கு?

இரண்டு மடங்கு என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். அச்சேறிய பிறகு திரும்ப வாங்க முடியாது என்று ஓமிடம் பார்த்தோமே! துப்பு உங்கள் கையிலேயே இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியில் போட்ட பெருக்கலை நினைத்துக்கொள்ளுங்கள். அதே கம்பியில் இரண்டு மடங்கு ஓட்டம் ஓட வேண்டுமானால், கொலோன் வகுத்தலின்படி, தள்ளுகிறவனை என்ன செய்ய வேண்டும்? அந்த இரண்டையும் பெருக்கினால் எத்தனை மடங்கு வரும்?

நீங்கள் போட்ட விடையும் ஜூலின் தெர்மாமீட்டரும் ஒத்துப்போனால், மின்மோட்டார் கனவுக்கு ஆபத்து. ஒத்துப்போகாவிட்டால், ஓமின் வகுத்தலுக்கு ஆபத்து. இரண்டில் ஒன்று அடுத்த வாரம் விழுந்தே ஆக வேண்டும்.

எது?

(தொடரும்)